வட்டியில்லாத ஓவர்டிராஃப்ட்

ஜூன் 1, சனி

காலை ஏழுக்கே சட்டை நனைந்துவிட்டது. ஆபீஸ் ஏ.சி.க்குப் பாதி உயிர்தான். பேங்க் மாற்றுவது என்று முடிவு.

ப.பே. = பழைய பேங்க். பு.பே. = புதிய பேங்க்.

ப.பே.யில் ஐந்து வருடக் கணக்கு. நான் யாரென்று அங்கே ஒருவனுக்கும் தெரியாது. ஓவர்டிராஃப்ட் கேட்டால் வட்டி என்கிறான். பு.பே. ஆள் மதுரைக்காரர், டை கட்டியவர். துபாய் தேராவில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கே வந்தார். "சம்பளத்த எங்க பேங்க்குக்கு மாத்துங்க பாய். கணக்குல காசு இல்லாட்டியும் ரெண்டு மாசச் சம்பளம் வரைக்கும் எடுக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு ஃபில்ஸ் வட்டி கெடையாது."

எட்டாயிரம் திர்ஹம்! வட்டி என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இதில் வட்டி இல்லை. சரி.

அதில் செய்ய வேண்டியவை:
நூர்ஜஹான், ஆயிஷா டிக்கெட்
கட்டில்
கேஸ் அடுப்பு
பிரிட்ஜ் (பழசு போதும்)

மனைவிக்கும் மகளுக்கும் எடுத்த விசா ஜூன் 22 வரைதான். அதற்குள் இருவரும் வந்து இறங்க வேண்டும். மகளுக்கு வயது ஐந்து. என்னோடு இருந்த நாட்களைக் கூட்டினால் நான்கு மாதம் தேறாது.

ஜூன் 3, திங்கள்

கம்பெனி லெட்டர் வாங்கியாயிற்று. சம்பளம் இனி பு.பே.க்கே போகும் என்று முத்திரை, கையெழுத்து எல்லாம். பிறகு ப.பே. போய் கணக்கை மூடினேன். மீதி ஆயிரத்துச் சொச்சம் கையில்.

"பாஹர் கோயீ செக் ஹை, பாய்?" என்றான் கிளார்க். வெளியே யாரிடமாவது என் செக் நிற்கிறதா என்று கேள்வி. "மாஃபி. கலாஸ்" என்றேன், இல்லை, முடிந்தது என்று. மிச்ச செக்குகளைக் கத்தரியால் வெட்டினான். பார்க்க சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 8, சனி

பு.பே. செக் புத்தகம் வந்தது. ஓவர்டிராஃப்ட் வரவில்லை. மதுரைக்காரர்: "சிஸ்டத்துல ஏறணும் பாய்." எதில் வேண்டுமானாலும் ஏறட்டும், சீக்கிரம் ஏறட்டும். கையில் இருந்ததில் கட்டிலும் அடுப்பும் வாங்கிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஃப்ளாட் ஓனர் ஆபீஸிலிருந்து போன். வாடகை செக் திரும்பிவிட்டது.

மார்ச்சில் ஃப்ளாட் எடுத்தபோது வருட வாடகைக்கு நான்கு செக், தேதி முன்கூட்டியே போட்டு, மொத்தமாகக் கொடுத்தேன். இங்கே எல்லோரும் அப்படித்தான். அன்றே 'வாடகை கொடுத்தாச்சு' என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். இருக்கிறது. அடிக்கோடு வேறு! கொடுத்தாச்சு என்றால் முடிந்தது என்று நினைத்த மண்டை. இரண்டாவது செக்கின் தேதி ஜூன் 15. நாலும் ப.பே. செக். அந்தக் கிளார்க் கேட்டானே, வாயைத் திறந்து கேட்டானே.

ஓனர் ஆபீஸ் மலையாளி தெரிந்த தமிழில் சொன்னது: "காசு இல்லாம திரும்பினா பேசிக்கலாம் பாய். இது அக்கவுண்ட் குளோஸ்னு வந்திருக்கு. வேணும்னே ஏமாத்தினதுன்னு அர்பாப், அதான் ஓனர், சொல்றார். வியாழன் பன்னெண்டு மணிக்குள்ள கேஷ். இல்லேன்னா போலீஸ்."

நாலாயிரத்து ஐநூறு. போலீஸ் என்றால் உள்ளே. நான் உள்ளே போனால் அவர்கள் ஏர்போர்ட்டில் இறங்கி யாரைத் தேடுவார்கள்?

ஜூன் 17, திங்கள்

மதுரைக்காரரைப் பிடித்தேன். "மொத சம்பளம் எங்க பேங்க்ல விழணும் பாய். முப்பதாம் தேதி விழுந்துச்சுன்னா மறுநாளே எடுக்கலாம்." இதை ஒன்றாம் தேதி சொல்ல வாய் வலித்ததா என்றேன். "ஃபாரத்துல இருக்கே பாய்." இருக்கிறது. எறும்பு எழுத்தில், மூன்றாம் பக்கத்தில். கழுத்து டையை இழுத்திருப்பேன். ஆபீஸில் ஆள் இருந்தது.

மானேஜரிடம் சம்பள அட்வான்ஸ் கேட்டேன். முடியாதாம். "மொத்தச் சம்பளமும் அந்த பேங்க்குக்குன்னு லெட்டர் குடுத்திருக்கோம். உன் கையில குடுத்தா கம்பெனி எழுதினது பொய்யாயிடும்." லெட்டர் கேட்டு அவர் மேஜைக்கு மூன்று நாள் அலைந்தவனும் நானே.

ஊருக்கு, நூர்ஜஹானுக்கு போன். டிக்கெட் காசு வராது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.
"விசா முடியுதுல்ல?"
"முடியுது."
"நான் பாத்துக்கிறேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."
போன் கார்டு தீர்ந்து கட்.

ஜூன் 19, புதன்

கேட்ட ஆட்கள்: பழைய ரூம் சண்முகம் (முந்நூறு தந்தான், அவனுக்கே கேம்ப்பில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி), பாத்திரக் கடை காக்கா (இருநூறு, கூடவே அரை மணி அறிவுரை), ஓட்டல்காரர் ("அல்லாஹ் லேசாக்குவான்"). மொத்தம் ஐநூறு.

நூர்ஜஹான் ஆபீஸுக்கு போன் செய்தாள். டிக்கெட் எடுத்துவிட்டாளாம், வெள்ளி காலை. மாமனார் வாங்கிக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்க வெட்கம்.

ஜூன் 20, வியாழன்

எழுதவே கை கூசுகிறது. மொபைல் கடை மாடியில் ஒருவன். நூற்றுக்கு மாதம் பத்து. நாலாயிரம் வாங்கினேன். ஈடு: பாஸ்போர்ட் நகல், தொகை போடாமல் கையெழுத்திட்ட செக் ஒன்று. பு.பே. புத்தகத்தின் முதல் செக். வட்டியில்லாத பேங்க்கின் செக்!

பதினொன்றே முக்காலுக்குப் பணம் கட்டினேன். திரும்பிய செக்கைக் கொடுத்தார்கள். மீதி இரண்டுக்கும் பதில் பு.பே. செக் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ரோட்டிலேயே கிழித்தேன் பழையதை. என்னைத்தான் கிழித்திருக்க வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஆயிஷா என்னைப் பார்த்து, "இது யாரும்மா?" என்றாள். நூர்ஜஹான் இளைத்திருக்கிறாள். ஃப்ளாட்டைச் சுற்றிப் பார்த்து, கட்டிலைத் தடவி, "நல்லாருக்கு" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கையும் மொட்டை.

"வளையல் எங்க?"
"பேங்க்ல வச்சிருக்கேன். டிக்கெட்டுக்கு."
"மாமா தரலையா?"
"கேக்கல. மாப்பிள்ளைகிட்ட காசு இல்லையான்னு கேப்பாங்க. ஒங்களுக்குத்தான் கொறச்சல்."

எத்தனை வட்டி என்றேன். சொன்னாள். கத்தினேன். வட்டிக்கா வச்சே, யாரைக் கேட்டு வச்சே, என் வீட்டில் வட்டியா என்று. பக்கத்து ஃப்ளாட் கதவு திறந்து மூடியது. ஆயிஷா அவள் பின்னால் ஒளிந்துகொண்டாள். காலையில் யாரென்று கேட்ட பிள்ளைக்கு இப்போது தெரிந்துவிட்டது.

நூர்ஜஹான் அடுப்படிக்குப் போனாள். அரிசி களைந்தாள். உலை வைத்த பிறகு, "தப்புதான். இனிமே வைக்க மாட்டேன்" என்றாள்.

மாடிக்காரனுக்கு முதல் வட்டி நானூறு, ஜூலை 20. அவளிடம் சொல்லவில்லை.