பயணம் போகிறவர்கள் எத்தனை பேர்?

கிண்ணியா,
வெள்ளி, ஜும்மாவுக்குப் பிறகு.

அன்புப் பேத்தி சுஹைரா மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் சுகம். போனில் சொன்னால் நீ சிரித்தே கதையை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதி, கத்தாருக்கு வருகிற ஜெஸ்மின் கையில் தருகிறேன்.

திருகோணமலை ரயிலைச் சீனன்குடாவிலிருந்து நம் ஊருக்கு நீட்டப் போகிறார்கள் என்றேனே, அதில் மண் விழப் பார்த்தது. போன கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், முந்நூறு வீடுகளில் விசாரித்ததாகவும், பயணம் போகிறவர்கள் பத்தொன்பது பேர்தான் என்றும், இதற்கு எதற்கு ரயில் என்றும் கேட்டார். நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். "விடிய அஞ்சரை பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறது சனமில்லாம ஜின் பேயா, சேர்?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. படிவத்தை வாசித்தார்: 'உங்கள் வீட்டில் பயணம் போகிறவர்கள் எத்தனை பேர்?'

அந்தப் பத்தொன்பது பேரும் யார் தெரியுமா? கத்தார், குவைத், சவூதியில் இருக்கிற நம் பிள்ளைகள். அவ்வளவு படித்தவருக்கு, நம் ஊரில் பயணம் என்றால் கடல் கடப்பது என்று தெரியவில்லை. திருகோணமலை டவுணுக்குப் போவது பயணமா? நபீஸா வீட்டில் நாலு பேர் தினமும் டவுணுக்குப் போகிறார்கள். அவளோ, "எங்கட வீட்டில ஆரும் பயணம் போகல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றாளாம், பெருமையாக. என் கலியாணத்தில் வைத்த வட்டிலப்ப இனிப்பு தண்ணி என்று சொன்ன வாய்தானே அது. ஐம்பத்திரண்டு வருஷம். நான் மறக்கவில்லை.

உன்னிடம் ஒளிக்க என்ன? நம் வீட்டில் ஓராள் பயணம் என்றுதான் நானும் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன்.

டவுண் தையல் கடையில் வேலை செய்தபோது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மூன்று தரம் நிலையத்தில் தனியே நின்றாய். மூன்றாந்தரம் உன் மாமா தாஹிர், "பொம்புளப் புள்ளைக்கு இந்த வேலை வேணாம்" என்று நிறுத்தினான். அதன் பிறகுதானே நீ பயணம் போனாய். ஏழு மணிக்கு ஒரு பஸ் இருந்திருந்தால் நீ விமானம் ஏறியிருப்பாயா? நான் பெற்ற மகன் என்றாலும் தாஹிரோடு நான் இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. ரயில் வந்தால் இரவு எட்டு மணிக்கும் ஒன்று ஓடுமாம்.

பயணம் என்ற சொல்லை விளக்கிச் சொன்ன பிறகு, வருகிற புதன்கிழமை திரும்ப எண்ண ஒத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய், "பயணம் எண்டு கேட்டா வாயத் திறக்காதீங்க, டவுணுக்குப் போறாக்களச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நபீஸா வீட்டுக்கும் போனேன். தேத்தண்ணி தந்தாள். குடிக்கவில்லை.

நம் வீட்டுக்கு வந்தால், டவுணுக்குப் போகிறவர் ஒருவர் என்று சொல்லப் போகிறேன். பெயர் கேட்டால் உன் பெயர்தான். பெப்ரவரியில் முடிகிற ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டப் போவதாக உம்மாவிடம் சொன்னாயாம். ரயிலை அவர்கள் நீட்டட்டும். நீ நீட்டாதே.

அரசாங்கக் கடுதாசியில் என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதே, மகள். அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
உம்மும்மா