துரைசாணி கொடுத்த பூச்சாடி

மார்ச் 3, ஞாயிறு

தங்கை நளினி வீட்டுக்கு இன்று போயிருக்கக் கூடாது. புது அலமாரி, உள்ளே சின்ன விளக்கு, நடுவில் அம்மாவின் பூச்சாடி. நீலக் கண்ணாடி, வெள்ளைப் பூக்கள், கிளையில் ஒரு குருவி. ஆயர் குரோவில் என் வீட்டு டிவி பக்கத்தில் இருந்தபோது இவ்வளவு அழகாக இல்லை. இல்லை, நான்தான் பார்க்கவில்லையா?

அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது நான். குளிப்பாட்டியது, மருந்து கொடுத்தது, எல்லாம் நான். தங்கை எப்போதாவது கேக் வாங்கிக்கொண்டு வருவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா சொன்னது: "பூச்சாடி நளினிக்கு." எனக்கு? ஒன்றும் சொல்லவில்லை.

வந்தவர்களிடமெல்லாம் நளினி அம்மாவின் கதையைச் சொல்கிறாள். "எங்கம்மா ரப்பர் தோட்டத்து வெள்ளக்காரத் துரை பங்களாவுல ஆயா. துரைசாணி லண்டனுக்குத் திரும்பிப் போறப்ப, அம்மாவோட நல்ல மனசுக்காகக் குடுத்தாங்க." ஏதோ அவளுக்கே கொடுத்ததுபோல.

மார்ச் 9, சனி

அது எந்த ஊர்ச் சாடி என்று தெரிந்துகொள்ள நளினிக்கு ஆசை. மலாக்கா பழைய டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவரிடம் போனோம். நான் ஏன் கூடப் போனேன்? பாசார் மாலாம், இரவுச் சந்தையில் விற்கிற மலிவுச் சாமான் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றுதான்.

அவர் கவிழ்த்துப் பார்த்தார். விரலால் பக்கங்களைத் தடவினார். அச்சில் வார்த்திருந்தால் ஒட்டுக்கோடு இருக்கும், இதில் இல்லை, வாயால் ஊதிச் செய்தது என்றார். பூக்களை நகத்தால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். லேசாக மேடு தட்டியது; கையால் தீட்டிய எனாமலாம். இங்கிலாந்து இல்லையாம். பெரும்பாலும் பொஹீமியா, இப்போதைய செக் நாடு. நூறு வருடத்துக்கு மேலிருக்கும்.

நளினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குக் கையை உதற வேண்டும்போல இருந்தது.

பிறகு அவர் குருவியைக் காட்டி, "சத்து லாகி மானா?" என்றார். இன்னொன்று எங்கே? இந்த மாதிரி ஜோடியாகத்தான் வருமாம். இந்தக் குருவி இடது பக்கம் பார்க்கிறது, மற்றது வலது பக்கம் பார்க்கும்.

ஆக, அவளிடம் இருப்பது பாதிதான்.

மார்ச் 10

மற்றது எனக்குக் கிடைத்தால்?

மார்ச் 17, ஞாயிறு

நளினியிடம் சொல்லாமல் உம்பாய் போனேன். முனியாயி அத்தை அங்கே மகனோடு இருக்கிறார். அம்மா பங்களாவில் ஆயாவாக இருந்தபோது இவர் குசினியில் சமையல். சொந்தமில்லை, ஆனால் அத்தை என்றே பழக்கம். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"ரெண்டுமே எனக்குத்தான்மா குடுத்தா அந்தத் துரைசாணி. உங்கம்மாவுக்கு ஒரு சீலை. அவளுக்குப் பொறுக்கல. ஒரே லயத்துல இருந்துக்கிட்டு எங்கூடப் பேச்சே இல்ல. குழாயடியில என்னப் பாத்தா வாளியத் தூக்கிட்டுப் போயிருவா. எனக்குத் தாங்கல லா. ஒண்ணக் கொண்டு போயி, ஆளுக்கொண்ணுடின்னு குடுத்தேன்."

"உங்களுது எங்க அத்த?"

"மருமக கழுவறப்ப ஒடஞ்சிருச்சு. போவட்டும்."

காரில் தனியாகச் சிரித்தேன். துரைசாணியாவது, நல்ல மனசாவது! அம்மா எங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய். நளினி பெருமையடித்ததெல்லாம் பொய். வீடு வந்து சேரும்வரை அப்படி ஒரு சந்தோஷம்.

மார்ச் 20, புதன்

அடுத்த மாதம் ஜாசினில் பழைய தோட்டத்து ஆட்களின் ஒன்றுகூடல். பூச்சாடியை மேடையில் வைத்து அம்மாவின் கதையைச் சொல்லப் போகிறாளாம் நளினி. "நீயும் வாக்கா" என்றாள்.

"வர்றேன். முனியாயி அத்தையையும் கூட்டிட்டு வர்றேன்."

"ஐயோ, சூப்பர்க்கா!"

அவள் இவ்வளவு மகிழ்ந்திருக்க வேண்டாம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எப்படி எழுத?

மண்டபம் நிறையக் கூட்டம். நளினி பட்டுப்புடவையில் மேடையேறி, கடைக்காரர் சொன்ன பொஹீமியா, பிறகு துரைசாணி, அம்மாவின் நல்ல மனசு என்று அத்தனையும் சொன்னாள். கை தட்டினார்கள். நான் எழுந்து, "முனியாயி அத்தைக்குத்தான் நல்லாத் தெரியும், அவங்களயும் கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே இனித்தது.

மைக்கை அத்தையிடம் கொடுத்தார்கள். அவர் சாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாமா. துரைசாணி அவளுக்குத்தான் குடுத்தா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

மறுபடியும் கைதட்டல். நளினி இறங்கி வந்து அவர் காலைத் தொட்டாள்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏன் அத்த அப்படிச் சொன்னீங்க?"

"குடுத்தத திருப்பிக் கேக்கச் சொல்றியா? உங்கம்மா ஆசப்பட்டா, குடுத்தேன். அந்தப் பேரும் அவளுக்கே இருந்துட்டுப் போவட்டும்." கொஞ்ச தூரம் போனபின் என் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தான் என்னக் கூட்டியாந்தியா?"

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். இறங்கும்போது, "உங்கம்மா மாதிரியேதான் மூஞ்சிய வச்சிருக்க" என்றார்.

ஏப்ரல் 22

குழாயடியில் அம்மா. வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போகிற அம்மா. எனக்கு அந்த அம்மாவைத் தெரியவே தெரியாது. இன்று முழுக்க அவள் ஞாபகம்தான்.

மே 5, ஞாயிறு

நளினி கூப்பிட்டாள். அலமாரியில் சாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைக்கிறாளாம். எழுதியதைப் படித்துக் காட்டினாள். பொஹீமியக் கண்ணாடி, துரைசாணி அம்மாவுக்குக் கொடுத்தது. "சரியா இருக்காக்கா?"

உண்மையைப் போட்டு உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். அந்த அலமாரியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, பொய் சொல்வானேன்.

"முனியாயி அத்த பேரையும் போடு" என்றேன்.

"அவங்க பேரு எதுக்குக்கா?"

"அங்கதான வேலை செஞ்சாங்க. அம்மா பேருக்குப் பக்கத்துல இருக்கட்டும்லா."

சரி என்றாள். எழுதுகிற சத்தம் போனில் கேட்டது.