வெயிலில் நின்ற செலரி

விரலில் செலரி மணம் இன்னும் போகவில்லை. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது, இனி யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்காதே. கோபம் வந்தால் வேலிக்கு வந்து உன்னிடம் கொட்டித்தான் எனக்குப் பழக்கம்.

காலையில் பரந்தன் மரக்கறிக் கடைக்கு இந்த வருடத்து முதல் செலரிக் கட்டைக் கொண்டுபோனேன். முதலாளி ஒரு தண்டை முறித்துக் கடித்தார். முகம் கோணிப்போயிற்று.

“என்னக்கா, கடும் பச்சையாக் கிடக்கு, கைக்குது. நுவரெலியாச் செலரியெண்டா வெளிறலா இருக்கும். அடுத்தமுறை வாழைமடல் சுத்தி வெளிற வச்சுத் தாங்கோ. நுவரெலியாச் சாமான் எண்டு சொல்லி விப்பம்.”

நீதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாய்.

நுவரெலியா மலையில் இருக்கிற உன் தம்பி தந்துவிட்ட விதைப் பைக்கற்றோடு பக்கத்து வீட்டிலிருந்து என் வளவுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? வன்னி வெயிலில் செலரியா என்று ஊரே சிரித்தது. நீயும் முதல் தரம் நல்லாய்த்தான் பிழைவிட்டாய். மலையில் செய்கிற மாதிரித் தண்டைச் சுற்றி மண் அணைத்தாய். குளிர் மண்ணில் அது தண்டை வெளிறவைக்கும். இங்கே மண் கொதித்து, தண்டு அவிந்து அழுகிப்போயிற்று. “அடக் கடவுளே, சூப்பே வச்சிட்டேன் புள்ள” என்று நீயே விழுந்து விழுந்து சிரித்தாய்.

அடுத்த தரம் இரண்டு பாத்தி போட்டோம். கிணற்றடி மாமர நிழலில் ஒன்று, நிழலே இல்லாத வெட்டையில் ஒன்று. நிழலில் நின்றது இளம்பச்சை. அதன் உள்தண்டு வெளிச்சமே படாமல் வெள்ளையாய், தண்ணீர் நிறைந்து, மெல்ல இனித்தது. வெட்டையில் நின்றது கரும்பச்சை. தண்ணீர் ஒருநாள் தவறினாலும் நாரோடிக் கசந்தது. ஆனால் மணம் குசினி முழுக்க நின்றது. என் மாமி இரண்டையும் கடித்துப் பார்த்துவிட்டு, “இது ரெண்டும் ஒரே சாதியோ?” என்று கேட்டா.

“ஒரே வெதைதாம்மா,” என்றாய் நீ. “ஒண்ணு நெழல்ல நின்னுச்சு, ஒண்ணு வெயில்ல நின்னுச்சு. அவ்வளவுதான்.”

மாமி அன்றைக்குப் பருப்புக்குள் கரும்பச்சைத் தண்டைத்தான் அரிந்து போட்டா.

அதே வருடம் என் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரர், பலகாரத் தட்டோடு நின்ற உன்னைக் காட்டி, “இவா ஆர்?” என்று கேட்டார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள், தோட்டக்காட்டார் என்று அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயத்தில், “வவுனியாவில இருக்கிற எங்கட சொந்தம்” என்றேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் என் கௌரவத்தைத்தான் காப்பாற்றினேன்.

நீ தட்டைக் கீழே வைத்தாய். “இல்லைங்க. நான் மலையகத்துக்காரி. பக்கத்து வளவு” என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்து மற்ற ஆட்களுக்குப் பரிமாறப் போனாய். பிறகு ஒருநாளும் அதைப்பற்றி நீ கதைக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வெட்கமாயிருக்கிறது.

கடைக்காரருக்கு இன்று என்ன சொன்னேன் தெரியுமா?

“தம்பி, மடலும் சுத்தமாட்டன், பேரும் மாத்தமாட்டன். இது பரந்தன் வெயிலில நிண்ட செலரி. மணம் கூட, சூப்புக்கும் இறைச்சிக் கறிக்கும் பாதி அளவு போட்டாலே காணும். வேணுமெண்டா இந்தப் பேரிலயே வையுங்கோ. வேண்டாமெண்டா நான் பஸ் தரிப்பிடத்தில வச்சு விப்பன்.”

அவர் தலையைச் சொறிந்தார். கட்டைத் திரும்ப எடுத்து மணந்து பார்த்தார். “இஞ்சத்த வெயிலில செலரி நட ஆர் காட்டித் தந்தது?” என்று கேட்டார்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர் என் சொந்தக்காரர்தான். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

“என்ர சிநேகிதி,” என்றேன். “மலையகத்துக்காரி.”