கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போனவர்

கார்த்திகை 13, திங்கள்

விடியற்காலை வண்டி. திண்டுக்கல்லில் பொட்டு மேகம் இல்லை. நாகப்பட்டினத்தில் இறங்கும்போது சாயங்காலம், வானம் முழுக்கக் கறுப்பு, தூறல்.

சரசுவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறோம். புதன்கிழமை நல்ல நாள்.

கொண்டுவந்தவை: ஆயக்குடி கொய்யா ஒரு கூடை, மலைவாழை இரண்டு சீப்பு, கண்ணாடி வளையல், அதிரசம். கொய்யாவில் பாதி நசுங்கல். இவர் கூடைமேல் சாய்ந்து தூங்கிய லட்சணம். கேட்டால், "பழம்னா நசுங்கத்தான செய்யும்" என்கிறார்.

சரசு முகம் பூரித்திருக்கிறது, கால் மட்டும் வீக்கம். மாப்பிள்ளை துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அவளுக்குத் தானே தண்ணீர் எடுத்துவைக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் இவர் ஒரு செம்பு எடுத்துக் கொடுத்ததில்லை.

14, செவ்வாய்

விடாத மழை. துணி ஒன்றும் காயவில்லை.

இவருக்கு ஒரே குஷி. எங்கள் தோட்டத்துக் கிணறு மூன்று வருஷமாகப் பாதாளத்தில் கிடக்கிறது. ஜன்னலை விட்டு நகரவில்லை. "இதுல பாதி நம்மூருல பெஞ்சாப் போதும்டி." நூறு தடவை சொல்லியிருப்பார்.

மாப்பிள்ளை மத்தியானமே வந்துவிட்டார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாயிற்றாம். அரிசி, மண்ணெண்ணெய், நாலு தீப்பெட்டி வாங்கி வந்தார். இவர் என் காதில், "மழைக்குப் போயி பயப்படுறாரு பாரு." காதில் என்றுதான் பேர், தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்குத் தலைகுனிவு.

15, புதன்

இருட்டோடு காற்று ஆரம்பம். ஓடுகள் பறந்தன, முருங்கை விழுந்தது. நாலு பேரும் ஒரே அறையில், சரசு என் மடியில். பத்து மணிக்குச் சட்டென்று எல்லாம் நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. நான் உலை வைத்தேன். மாப்பிள்ளை கொல்லைப்பக்கம் என்னென்ன போயிற்று என்று பார்க்கப் போனார்.

எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு மழை விட்டால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், குளம் எவ்வளவு பெருகியது, கிணறு எத்தனை முழம் ஏறியது என்று பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். இங்கே குளத்துக்கு எங்கே போவது? "கடல் எம்புட்டு ஏறியிருக்குன்னு செத்த நேரம் பாத்துட்டு வாரேன்" என்றார். சரி, சீக்கிரம் வாங்க என்றேன். நான்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை உள்ளே வந்து, "மாமா எங்க?" என்றார். சொன்னேன்.

"காத்து இன்னும் முடியலை அத்தை. இது பாதிதான். இப்ப எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும், கடலும் கூடவே வரும்."

செருப்புகூடப் போடாமல் ஓடினார். கொஞ்ச நேரத்தில் சொன்னபடியே காற்று மறுபக்கத்திலிருந்து வந்தது. கதவுக்கு டிரங்குப் பெட்டியை முட்டுக் கொடுத்து அதன்மேல் நான். சரசு தாலியைக் கையில் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனையும் சேர்த்தல்லவா அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு மணி. வரவில்லை.

மூன்று. இல்லை.

எழுத முடியவில்லை.

ஐந்து மணி. வந்துவிட்டார்கள். இரண்டு பேரும். உடம்பெல்லாம் மணல், இவருக்கு நெற்றியில் காயம். மாப்பிள்ளை இவரைக் கடற்கரைக்கு முன்னாலேயே பிடித்துவிட்டாராம். திரும்ப நேரமில்லாமல் ஓர் உப்புக் கிடங்கில் புகுந்து, நெஞ்சளவு தண்ணீரில் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். இவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு, "சோறு இருக்கா?" இருந்தது. போட்டேன்.

17, வெள்ளி

வெயில். தெருவில் கட்டுமரம் கிடக்கிறது. நிறையச் சாவு என்கிறார்கள். ரயில் இல்லை, தந்திக் கம்பி இல்லை. நல்ல நாள் பார்த்ததெல்லாம் போயிற்று, வண்டி ஓடுகிற நாள்தான் இனி நல்ல நாள். இவருக்குக் காய்ச்சல். மிளகு ரசம் இரண்டு வாய், மறுபடி தூக்கம்.

சரசு பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரிக்கிறாள். என்னடி என்றேன். மாப்பிள்ளை அவளிடம் சொன்னாராம். கிடங்கில் தண்ணீர் ஏறும்போது இவர் பேசியது:

"மாப்ள, எனக்கு ஒண்ணு ஆயிட்டா உங்க அத்தைகிட்டச் சொல்லிருங்க. அவ நோட்டுல எழுதுறதை எல்லாம் நான் படிச்சிருக்கேன். கல்யாணமான வருசத்துல இருந்து. என்னையத் திட்டி எழுதியிருந்தா மறுநா பூ வாங்கிட்டுப் போவேன். அது ஒண்ணுதான் அவளுக்குத் தெரியாம நான் செஞ்சது."

இருபத்திரண்டு வருஷம். பிரியத்தில் வாங்கி வந்த பூ என்றல்லவா தலையில் வைத்தேன். முதலில் நல்ல கோபம் வந்தது. நோட்டை அடுப்பில் போடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் யோசித்தால், திட்டு வாங்கிய மறுநாள் பூக்கடையில் போய் நிற்பதும் பிரியம்தான்.

சரி. அப்படியானால் இதையும் படிப்பீர்கள். புதன்கிழமை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் எனக்கு என்ன ஆயிற்று என்று இந்த நோட்டில் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். காய்ச்சல் விட்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்து கேளுங்கள், சொல்கிறேன்.