முருகன் கணக்கில் விழுந்த ரீஃபண்ட்

என் ஆசை நைனாவுக்கு,

நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆமாம், ரீஃபண்ட் வந்துவிட்டது. டெபாசிட் வட்டியில் பிடித்த வரி முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ரீஃபண்ட் வரட்டும், உன் கண்ணு ஆபரேஷனை முடிச்சிடலாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் செலவு செய்கிறேன் என்றால் அவள் கேட்டால்தானே? "உங்க நைனா காசுலதான் பண்ணிக்குவேன். சும்மா நச்சரிச்சிகினு இருக்காத" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கண்ணில் புரை வளர்ந்துகொண்டே போனது. ஒருநாள் அடுப்பில் இருந்த எண்ணெய்ச் சட்டியில் விரலை வைத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சென்னையிலிருந்து ரயிலேறி திருத்தணி வந்து, உங்கள் பென்ஷன் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடைசியில் அரக்கோணத்தில் உங்கள் ஆடிட்டரையே போய்ப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பணம் எப்பவோ போயிடுச்சும்மா. ஆனா இந்தக் கணக்குக்கு இல்ல, கடைசி நம்பருங்க வேறயா இருக்குது. அப்பாவுக்கு இன்னொரு கணக்கு இருந்துச்சா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். "ஆங், முருகன் கணக்கு! அத மறந்தே பூட்டேன் பாரு" என்றாள்.

நானும்தான் மறந்திருந்தேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருபவர்களுக்கு மோர் ஊற்றவென்று நீங்களும் மாமாவும் சேர்ந்து தொடங்கிய கணக்கு. போனஸோ அரியரோ, எந்தப் பணம் வந்தாலும் முதலில் அதில் விழ வேண்டும், பிறகுதான் எடுத்துச் செலவழிக்க வேண்டும் என்பது உங்கள் பழக்கம். என் கம்மல் பணம்கூட முருகனிடம் ஒருநாள் தங்கிவிட்டுத்தான் வந்தது. வரி இலாகாவுக்கும் அந்த நம்பரையே கொடுத்திருக்கிறீர்களே, யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தப் பந்தல் நினைவிருக்கிறதா நைனா? கறிவேப்பிலையும் இஞ்சியும் மணக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் என்னை முக்காலி போட்டு நிற்க வைப்பீர்கள். சலங்கைச் சத்தம் கேட்டதும் டம்ளரை நீட்டுவேன். அந்த ஆடி மாதங்களைப் போல் நான் பிறகு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

மோரில் தண்ணீர் அதிகம் என்று மாமாவை நீங்கள் எல்லார் எதிரிலும் சொன்னதோடு பந்தலும் போனது, பேச்சும் போனது. உங்கள் காரியத்துக்கு அம்மாவுக்குக் கோடிப் புடவை கொண்டுவந்த மாமா, நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். இப்போது அந்தக் கணக்கில் பணம் எடுக்க அவர் கையெழுத்து வேண்டும்.

பயந்துகொண்டேதான் மாமாவைப் பார்க்க கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "அன்னிக்கு எத்தினி ஜனம் தெரியுமா? ஊத்திகினே இருக்கேன், பத்தல. தண்ணி சேக்காம இன்னா பண்றது? உங்க நைனா, எங்க பாவா, ஒரு வார்த்த கேட்டாரா?"

"இல்ல மாமா. முருகன் கணக்குல பணம் எடுக்க உங்க கையெழுத்து வேணும். அம்மா கண்ணு ஆபரேஷனுக்குங்க."

"அக்காவுக்கா? இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்று மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் தெருவுக்குப் போய் ஆட்டோவை நிறுத்தினார். பேங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்து, அக்கா கையால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் அம்மா நேராக உங்கள் படத்துக்கு எதிரில் போய் நின்றாள். நீங்கள் போனபிறகு உங்கள் முகத்தை அவள் தெளிவாகப் பார்த்தது அப்போதுதான்.

"இன்னாடி இது, சட்டைல மேல் பட்டனக் காணோம்? இத்தினி நாளா இப்பிடியேவா மாட்டி வெச்சிருக்க? பாக்கறவங்க என்னப் பத்தி இன்னா நெனைப்பாங்க?" என்று என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு படத்தில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

வேறு படம் மாட்டிவிடுகிறேன் நைனா, சத்தியமாக. எந்தப் படம் என்று அம்மாவே பார்த்து எடுக்கட்டும்.

உங்களுக்கும் சேர்த்து அம்மாவிடம் திட்டு வாங்கும்
உங்கள் மகள்,
வள்ளி