டீ ஆறுவதற்குள் வந்த கையெழுத்துகள்

மார்ச் 3, செவ்வாய்

ஊற்றிய டீ ஆறுவதற்குள் மூன்று கையெழுத்துகள் வந்துவிட்டன. முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

மதியச் சாப்பாட்டுக்காகக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் சாஃப்ட்வேர் குழுவை நடத்துகிற ஆந்தை (அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்) அப்போதுதான் புது வெளியீட்டின் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டு, கூடவே தனக்கு வந்த சரிபார்ப்பு எண்ணையும் (ஹாஷ்) போட்டிருந்தார். அதுவரை அந்த மூலம் அவரைத் தவிர யார் கையிலும் இல்லை. டீயை ஊற்றி வைத்துவிட்டு என் மெஷினில் அந்த மூலநிரலைப் புரோகிராமாக மாற்றுகிற பில்டைத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தால் வக்கீலும், அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேரும், தங்களுக்கும் அதே ஹாஷ் வந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தால் என்ன, அதற்குள் முடியுமா? முடியுமோ என்னவோ. என்னுடையது செல் கடையில் கழித்துக் கட்டிய பாகங்களை வைத்துச் சேர்த்தது. நாளைக்குத்தான் முடிக்கும்.

அக்கா எட்டிப் பார்த்து, காசு அச்சடிக்கிறதா என்று கேட்டாள். எத்தனை தடவைதான் சொல்வது. இது கிரிப்டோ காயின் வாங்கி விற்கிற வேலை இல்லை. அந்தக் காயினுக்கு பேங்க் கிடையாது; யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதைச் சரிபார்க்க ஆயிரக்கணக்கான பேர் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஓடவிட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் நோட். அந்தப் புரோகிராமை எழுதிப் பராமரிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. சம்பளம் கிடையாது. மூலநிரல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் முக்கால்வாசிப் பேர் படிப்பதில்லை, செய்து வைத்ததை இறக்கிக்கொள்கிறார்கள். அதற்குள் எவனும் எதையும் நுழைக்கவில்லை என்று எப்படித் தெரியும்? அதனால்தான் ஐந்து பேர், தனித்தனி மெஷினில், ஒரே மூலத்திலிருந்து பில்ட் செய்கிறோம். வந்த புரோகிராமிலிருந்து ஒரு நீளமான எண் எடுப்போம், கைரேகை மாதிரி. அதுதான் ஹாஷ். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது முழுக்க மாறிவிடும். ஐந்தும் ஒன்றாக இருந்து ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வெளியீடு.

"சரி, உங்கிட்ட எவ்ளோ காயின் இருக்கு?" என்றாள்.

ஒன்றும் இல்லை என்றேன்.

"ஊருக்கெல்லாம் பூட்டு செய்ற. வீட்ல ஒரு பொட்டி கூட இல்ல" என்று சொல்லிவிட்டு என் டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 4, புதன்

பொருந்தவில்லை.

மார்ச் 5, வியாழன்

இரண்டாவது தடவையும் அதே வேறு எண். அவர்கள் நால்வருக்கும் ஒன்று, எனக்கு மட்டும் ஒன்று.

குழுவில் "எனக்கு வேற வருது" என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். காலையிலிருந்து இதே வேலை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

வக்கீல் உடனே பதில் போட்டார். அவர் நிஜ வக்கீல் இல்லை, எல்லாவற்றுக்கும் வாதாடுவதால் வந்த பேர். "தம்பி, நாலு பேருக்கு ஒரே மாதிரி வந்திருக்கு. கோளாறு உன் மெஷின்லதான். கையெழுத்தப் போட்டு விட்ரு, அப்புறமா மெதுவா பாரு."

அங்கே என் பேர் அணில். அணில் என்றால் பையன் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் திருத்தியதில்லை. திருத்தினால் பேச வேண்டிவரும்.

அவசரம் என்பது பொய்யில்லை. பழைய பதிப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. தாறுமாறான ஒரு செய்தியை யாராவது அனுப்பினால் போதும், நோட் அப்படியே விழுந்துவிடும். நான் வேலை பார்க்கும் செல் கடையிலேயே ஒரு நோட் ஓடுகிறது. வாடிக்கையாளர் சிலர் காயினில் பணம் கொடுப்பதால் கடைக்கார அண்ணன் வைத்திருக்கிறார். இன்றைக்கு அது விழ, அவர் எழுப்ப, திரும்ப விழ. வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். புதுப் பதிப்பு எப்போது வரும் என்று கேட்டார். என் கையெழுத்துக்காகத்தான் நிற்கிறது என்று சொன்னேன். அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு, "நீ போட்டா நான் இறக்கிக்கிறேன். மத்தவன எனக்குத் தெரியாது" என்றார்.



கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்புறம் பார் என்றால் என்ன அர்த்தம்? பார்த்தேன் என்று சொல்லத்தானே கையெழுத்து? பார்க்காமல் போடுவதற்கு ஐந்து பேர் எதற்கு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே. எனக்கு உடம்பெல்லாம் எரியுது.

மார்ச் 6, வெள்ளி

கோளாறு என்னுடையதாகவே இருக்கட்டும், எங்கே என்று கண்டுபிடித்துத் தொலைக்கலாம் என்று நினைத்தேன். புரோகிராம் ஒரே கட்டி இல்லை. பல பாகங்களைத் தனியாக பில்ட் செய்து கடைசியில் சேர்ப்போம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஹாஷ் உண்டு. அதனால் நால்வரிடமும் பாகங்களின் ஹாஷை அனுப்பச் சொன்னேன். பில்ட் செய்தவர்களின் மெஷினில் அவை கிடக்கும். ஒட்டி அனுப்ப ஒரு நிமிஷ வேலை.

ஆந்தை அனுப்பினார். ஒப்பிட்டதில் ஒரே ஒரு பாகம்தான் மாறியிருக்கிறது, காயினுக்குப் பூட்டுப் போடுகிற மறையாக்கப் பாகம். போயும் போயும் அது. அவருடையது சரியா, என்னுடையது சரியா? நிஜமாகவே பில்ட் செய்த மூன்றாவது ஆள் சொன்னால்தான் தெரியும்.

மூன்றாவது ஆள் இல்லை. ஒருவர் அழித்துவிட்டாராம். இன்னொருவர் வெளியூரில் இருக்கிறாராம். வக்கீல், தேவையில்லாத விஷயத்தைக் கிளறுகிறேன் என்று பக்கம் பக்கமாக எழுதினார்; ஹாஷை மட்டும் அனுப்பவில்லை.

சாயங்காலம் எல்லோரும் குரல் அழைப்பில் கூடினார்கள். நான் எப்போதும் மைக்கை மூடி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவள். இனிமேல் நான்கு கையெழுத்தே போதும் என்று விதியை மாற்றிவிடலாம், தம்பிக்காக எல்லோரும் காத்திருக்க முடியாது என்றார் வக்கீல். இரண்டு பேர் சரி என்றார்கள். ஆந்தை ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எனக்கு வாய் திறக்காது. பதில் தெரியும், வராது. பீரியட் முடியும்வரை நிற்க வைப்பார்கள். அம்மாவுக்குச் சலவைக்கடையில் கை வெந்து நான் படிப்பை விட்டு வீட்டோடு நின்றபோது, அங்கிருந்து ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படியே இருந்திருப்பேன். ஆனால் மைக்கைத் திறந்துவிட்டேன்.

"நீங்க பில்ட் பண்ணீங்களா?" என்றேன்.

யாரோ, "யாரும்மா பேசுறது?" என்றார்கள்.

"அணில். பில்ட் பண்ணீங்களா, இல்லையா?"

ஆந்தை, "நான் பண்ணேன்" என்றார். அவ்வளவுதான். வேறு குரல் வரவில்லை. அப்புறம் வக்கீல், இந்தக் கூட்டமே நம்பிக்கையில்தான் ஓடுகிறது, ஆந்தையின் கையில் தப்பு வராது என்று ஆரம்பித்தார். நான் மைக்கை மூடிவிட்டேன்.

பிறகு வக்கீல் எனக்குத் தனியாக எழுதினார். "ஸாரிம்மா, தம்பின்னு நெனச்சுக் கூப்பிட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத."

அதுக்கா? அதுக்கா மன்னிப்புக் கேக்குற?

மார்ச் 7, சனி

அக்காவிடம் கொட்டினேன். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் ஒரு மருந்தை இரண்டு பேர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், சீட்டில் இரண்டு பேரும் இனிஷியல் போட வேண்டும். கூட்டமாக இருந்தால் இரண்டாவது ஆள் மாத்திரை அட்டையைப் பார்க்காமலே போட்டுவிடுவாளாம்.

"நீயுமா?"

"நானும்தான். முதல் ஆளு நல்லா பாத்திருப்பான்னு போட்டுருவேன்."

"முதல் ஆளு, ரெண்டாவது ஆளு பாப்பான்னு விட்டிருந்தா?"

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "உனக்கென்னடி, ஒக்காந்த எடத்துல நியாயம் பேசுவ. அங்க வந்து நில்லு, தெரியும்."

எங்களில் யாருக்குக் கோபம் அதிகம் என்று அம்மா மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் படுத்துவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

கடை விடுமுறை. அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு, பில் போடுகிற கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மெஷின். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெறும் மெஷினில் ஒன்றிலிருந்து தொடங்கினேன். உடைந்த டிஸ்ப்ளேக்கள் நடுவில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றைத் தின்றேன்.

ஆந்தையுடைய அதே எண்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக. அதே எண்.

வீட்டுக்கு வந்து என் மெஷினைக் குடைந்ததில் விஷயம் தெரிந்தது. மெஷின் மெதுவானது என்பதால், மாறாத பாகங்களைப் போன வெளியீட்டின்போது பில்ட் செய்ததிலிருந்தே எடுத்துக்கொள்வது என் பழக்கம். மறையாக்கப் பாகமும் அப்படிக் கிடந்த பழசுதான். டிஸ்கில் கிடந்தபடியே கெட்டிருக்கிறது.

அதாவது நானும் முழுசாகச் செய்யவில்லை. முக்கால் செய்துவிட்டு, முழுக்கச் செய்ததாக நினைத்துக்கொண்டு ஊரைக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

நாளைக்கு இதைச் சொல்ல வேண்டும். அவர்களிடம்.

மார்ச் 9, திங்கள்

சொன்னேன். என்ன நடந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதி, கடை மெஷினில் வந்த ஹாஷைப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். வெளியீடு போய்விட்டது. அண்ணன் உடனே இறக்கிக்கொண்டார். நோட் விழவில்லை.

குழுவில் ஒரே சிரிப்பு. "அப்பவே சொன்னோம்ல, மெஷின்னு" என்று வக்கீல். ஒரு படம்கூட யாரோ போட்டிருந்தார்கள், கருகிப்போன கம்ப்யூட்டர் மேல் அணில்.

சரி, என் தப்பு தப்புத்தான். ஆனால் அது உங்கள் தப்பை எப்படி அழிக்கும்? நீங்கள் பார்த்து எழுதிய விடை சரியாகப் போனது, ஆந்தை சரியாகச் செய்ததால். அவருடைய டிஸ்க் கெட்டிருந்தால்? நான்கு கெட்ட கையெழுத்தும் ஒரு நல்ல கையெழுத்துமாக இருந்திருக்கும், அப்போதும் கோளாறு என் மெஷினில்தான் என்று சொல்லியிருப்பீர்கள். இதை ஒருத்தர்கூட யோசிக்கவில்லையே. ஒருத்தர்கூட! எல்லோருக்கும் ஒரு சந்தோஷம், தப்பித்தோம் என்று.

இதைத்தான் தாங்க முடியல.

மார்ச் 12, வியாழன்

திட்டுவதை விட்டுவிட்டு நிரல் எழுதினேன். கையெழுத்து சேகரிக்கிற நிரலில் சின்ன மாற்றம். இனி அவரவர் ஹாஷை மூடி முத்திரை வைத்த மாதிரி அனுப்ப வேண்டும். ஐந்தும் வந்தபிறகுதான் ஐந்தும் திறக்கும். பார்த்து எழுத எதுவும் இருக்காது. இன்னொன்று, பழைய பாகங்கள் கிடந்தால் பில்ட் தொடங்கவே தொடங்காது. அது எனக்காகவே வைத்தது. குழுவின் பார்வைக்குப் போட்டுவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

வக்கீல்: "அப்ப எங்கள நம்பலன்னு அர்த்தம்."

நான் பதில் எழுதினேன், அழிக்கவில்லை: "யாரையும் நம்ப வேணாம்னுதானே இந்த சாஃப்ட்வேரே."

மார்ச் 17, செவ்வாய்

ஆந்தை மாற்றத்தைச் சேர்த்துவிட்டார். கூட ஒரே வரி: "அந்த மூணு கையெழுத்தும் டக்குனு வந்தப்ப எனக்கும் தெரிஞ்சுது. கேக்காம விட்டேன்."

தெரிந்திருக்கிறது. தெரிந்தும் விதியை மாற்றும் பேச்சு வந்தபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நன்றி சொல்வதா, சண்டை போடுவதா? இரண்டும் செய்யவில்லை. கடைக்குப் போய் மூன்று போனுக்கு ஸ்கிரீன் மாற்றினேன்.

மார்ச் 28, சனி

அக்கா வேலை முடிந்து வந்து, தன் கடைக்காரரோடு சண்டை என்றாள். அட்டையைக் காட்டாமல் இனிஷியல் போட மாட்டேன் என்றாளாம். வரிசை வாசல்வரை போய்விட்டதாம். "எல்லாம் உன்னால" என்று என் தலையில் ஒன்று வைத்தாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அடுத்த வெளியீடு. முத்திரை வைத்த ஐந்தும் வர இந்தத் தடவை முழுசாக இரண்டு நாள் ஆனது. இன்று திறந்தது. நான்கு ஒரே எண். வக்கீலுடையது வேறு.

அவர் கீழே எழுதியிருந்தார்: "எனக்கு வேற வருது. என்னன்னு தெரியல. நிறுத்தி வெக்க முடியுமா?"

கோளாறு உங்கள் மெஷினில்தான் என்று எழுத விரல் துறுதுறுத்தது. இல்லையென்றால் நான் மனுஷியே இல்லை. வேறு யாராவது எழுதுவார்களா என்று பார்த்தேன். எழுதவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லியும் ஒருவரும் எழுதவில்லை. ஆந்தை, "நிறுத்தியாச்சு" என்று மட்டும் போட்டார்.

வக்கீலிடம் பாகங்களின் ஹாஷை அனுப்பச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் எல்லாம் வந்தன. பிறகு என் பில்டை முழுக்க அழித்துவிட்டு, ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினேன்.