மரத்தூள் மாற்றப்படவில்லை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம்தான், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மருமகளும் நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்பா மூன்றாவது தடவையாக மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் கிடக்கட்டும். போன மாசம் போனில் நீ சொன்னாயே, "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டுப் போயேன், ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தானே" என்று, அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். போடவில்லை. போடவும் மாட்டேன்.

உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் கேள். எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், எலிகளை இரண்டு நாள் பட்டினி போட்டு மூளைக் கொழுப்பு என்ன ஆகிறது, ரத்தத்தில் சர்க்கரையும் மற்ற சத்துகளும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கிறாள். தீவனத்தை எடுத்துவிட்டால் மட்டும் பட்டினி ஆகிவிடாதடா. எலி தின்கிறபோதே கொஞ்சம் சிந்தும், அது கூண்டில் பரப்பிய மரத்தூளுக்குள் புதைந்து கிடக்கும், நாம் அந்தப் பக்கம் போனதும் துழாவித் தின்றுவிடும். அதனால் தீவனத்தோடு தூளையும் மாற்ற வேண்டும், பத்தொன்பது வருஷமாக நான் அப்படித்தான் செய்கிறேன். முழங்காலுக்கு ஊசி போட நான் லீவு எடுத்த அந்த ஒரு நாள் பார்த்து, எங்கள் மேற்பார்வையாளர், அதுதான் நாங்கள் பிசினாரி என்போமே அவர், நல்ல தூளை எதற்கு வீணாக்குவது என்று, எனக்குப் பதிலாக வந்தவரை மாற்ற விடாமல் தடுத்துவிட்டார். மறுநாள் சரிபார்க்கப் போனால் தூளுக்குள் தீவனத் துணுக்கு, எலிகள் எடை குறையாமல் ஜம்மென்று இருக்கின்றன. அவரிடம் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவரை நம்பி நான் வாயை மூடிக்கொண்டேன் பார், அது என் தப்பு, அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கே கோபம்.

அவர் சொல்லவில்லை. இருபத்து நான்கு எலிகளையும் கொன்று ரத்தத்தையும் மூளையையும் எடுத்துப் பார்த்தால், தின்றதற்கும் பட்டினி கிடந்ததற்கும் ரத்தச் சர்க்கரையில்கூட ஒரு வித்தியாசமும் இல்லை. அளக்கத் தெரியாதவள் என்று அந்தப் பெண்ணுக்குத்தான் பேச்சு விழுந்தது, கை கழுவும் இடத்தில் நின்று அழுதாள். அப்போதுதான் பிசினாரி பதிவேட்டைக் கொண்டுவந்து, அந்தக் கூண்டுகளுக்கு நான்தானே பொறுப்பு என்று, தூள் மாற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போடாவிட்டால் கூண்டு கழுவும் அறைக்கு மாற்றிவிடுவாராம். உன்னோடு போனில் பேசிய மறுநாள் நான் பேனாவை வாங்கி, மரத்தூள் மாற்றப்படவில்லை என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். நேராகப் போய் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அத்தனை உயிர் செத்தும் அது பொய்யில் போய் முடிய நான் உடந்தையா?

இப்போது கழுவும் அறையில்தான் இருக்கிறேன். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறேன், அப்பா ராத்திரி தைலம் தேய்த்துவிட்டு முணுமுணுக்கிறார். ஆனால் சோதனையைத் திரும்ப நடத்தினார்கள், இந்தத் தடவை தூளை மாற்றி. நேற்று அந்தப் பெண் முடிவை என்னிடம் சொல்ல அந்த ஈரத்துக்கே தேடி வந்தாள். பட்டினி எலிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதாம், உடம்புக் கொழுப்பும் கரைந்திருக்கிறதாம், மூளை மட்டும் தன் கொழுப்பை விட்டுக்கொடுக்கவே இல்லையாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூளையும் ஒரு பிசினாரிதான் என்று நம்ம பிசினாரிக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நீ என் நல்லதுக்குத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் இன்னொரு தடவை அப்படிச் சொல்லாதே, எலிகள் வீணாகச் செத்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறாயாமே, மருமகள் சொன்னாள். வயிற்றைக் காயப்போடாதே. முழங்கால் பட்டை ஒன்று அனுப்பு, பெரிய அளவு, மறந்துவிடாதே. இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள்.

நடந்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா